விஸ்காம் படிக்கலாமா? கூடலூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தேனி மாவட்டம் கூடலூர். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போகிறார். விஸ்காம் படித்து நிருபர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. அம்மா போகிற ஜீப்பில் ஆட்களை அடைத்து ஏற்றுகிறார்களே, அதை எல்லாம் செய்தியாகப் போட வேண்டும். மதுரையில் ஒரு கல்லூரியில் விசாரித்தோம். ஃபீஸ் போக, கேமராவும் லேப்டாப்பும் சொந்தமாக வாங்க வேண்டும் என்றார்கள். மாமாவோ, "அது வசதியான பிள்ளைகள் படிக்கிற படிப்பு, பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை சரிவராது, நர்சிங் சேர்" என்கிறார். எனக்கு இங்கிலீஷ் சுமார். மலையாளம் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. கேரளாவில் சேரலாமே என்கிறாள் தோழி. நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

டிவியில் முகம் தெரிய வேண்டும் என்று எனக்கு எழுதுகிற பிள்ளைகள் நிறைய. எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்து எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. உன் கடிதத்தில் அந்த ஜீப் இருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ இந்தத் துறைக்கு வா. ஆனால் விஸ்காம் வழியாகத்தான் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. உன் வீட்டு நிலைமைக்கும் உன் ஆசைக்கும் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

விஸ்காம் என்று நாம் சொல்லுகிற பி.எஸ்சி. காட்சித் தொடர்பியலில் ஓவியம், போட்டோகிராபி, கிராபிக்ஸ், அனிமேஷன், விளம்பரம், ஒளிப்பதிவு, எடிட்டிங், குறும்படம் எல்லாம் வரும். செய்தி எழுதுவது அதில் ஒரு பேப்பர், மிஞ்சினால் இரண்டு. இதழியல் படிப்பில் பாதிக்கு மேல் செய்திதான்: நிருபர் வேலை, எடிட்டிங் டெஸ்க், ஊடகச் சட்டம், பேட்டி எடுப்பது. மாஸ் கம்யூனிகேஷன் என்று போட்டிருந்தால் இரண்டும் கலந்திருக்கும். கூடவே விளம்பரம், மக்கள் தொடர்பு, தொடர்பியல் கோட்பாடுகள். கேமராவும் எடிட்டிங்கும்தான் உன் உயிர் என்றால் விஸ்காமுக்கே போ என்பேன். உன் கடிதத்தில் கேமரா பற்றி ஒரு ஆசையும் இல்லை, ஃபீஸ் கவலைதான் இருக்கிறது. நீ செய்திக்காரி.

செய்திக்கு வருகிறவர்கள் முதுகலையில் இதழியல் படித்தால் போதும். எம்.ஏ. இதழியலுக்கும் மாஸ் கம்யூனிகேஷனுக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் இருந்தாலே சேரலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இதற்கென்று துறை இருக்கிறது. புதுச்சேரியும் திருவாரூரும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் கியூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதற்கு உனக்கு மூன்று வருஷம் அவகாசம்.

அதுவரை? வீரபாண்டி அரசுக் கல்லூரியோ, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியோ, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் பி.ஏ. படி. எனக்குப் பிடித்தது பொருளாதாரம். வரலாறும் நல்லதுதான். ஏன் பொருளாதாரம் என்கிறேன் தெரியுமா? உன் அம்மா எடுக்கிற ஏலக்காய் போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு என்கிற மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின் ஏலத்தில் விலை போகிறது. ஏலத்தில் விலை ஏறும்போது காய் எடுக்கிறவரின் கூலி ஏறுகிறதா, இறங்கும்போது வேலை நாள் குறைகிறதா, ஜீப் வாடகையை யார் கொடுக்கிறார்கள், கூலியில் பிடிக்கிறார்களா? ஒரு ஜீப்பில் ஏன் இத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கான பதில் டிரைவரிடம் பாதிதான் இருக்கும். மீதி இந்தக் கணக்கில் இருக்கிறது. கேமரா பிடிக்கத் தெரிந்த நிருபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். அரசு உதவி பெறும் பெரிய கல்லூரி என்று நம்பிப் போவோம். ஆனால் அங்கேயும் விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கும், ஃபீஸ் பல மடங்கு. பிராஸ்பெக்டஸில் அது கண்ணில் படாத இடத்தில் இருக்கும். எந்தக் கல்லூரியானாலும் "இந்தப் பாடம் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேள். அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிற திட்டம் அது. உத்தமபாளையம் போய்வர பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அம்மாவிடம் கை நீட்ட வேண்டியிருக்காது.

கேமராவும் லேப்டாப்பும் இப்போது வாங்காதே. கடன் வாங்கி வாங்கவே வாங்காதே. படிப்புக்குக் கேமரா கொடுப்பது கல்லூரியின் வேலை, அதற்குத்தான் லேப் ஃபீஸ் வாங்குகிறார்கள். இருக்கிற போனில் நல்ல வீடியோ எடுக்கலாம். ஆரம்பத்தில் எல்லோரும் கோட்டை விடுவது படத்தில் அல்ல, சத்தத்தில். மலைக்காற்றும் ஜீப் இரைச்சலும் பேச்சை முழுங்கிவிடும். ஒரு சாதாரண காலர் மைக் இருந்தால் அது சரியாகிவிடும். முதுகலையில் சேருகிற வருஷம் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரியை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான். மாணவர்களே எழுதித் தயாரிக்கிற பயிற்சி இதழ் வருகிறதா, கடைசி இதழைக் காட்டுங்கள் என்று கேள். ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள், ஏ.சி.யும் லைட்டும் பிரமாதமாக இருக்கும். அதைப் பார்த்து மயங்காதே. நீ எழுதியதை ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்திக் கொடுப்பாரா என்பதுதான் விஷயம்.

திருத்துவது என்றால் என்ன என்று காட்டுகிறேன். என் வகுப்பில் ஜீப் விபத்தைப் பற்றி எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் இப்படித் தொடங்குவார்கள்: "தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஜீப் எதிர்பாராத விதமாகத் தலைகீழாகக் கவிழ்ந்து கோர விபத்துக்குள்ளானது. இதில் பெண்கள் பலர் பரிதாபமாகக் காயமடைந்தனர்." படிக்கச் செய்தி மாதிரியே இருக்கிறது. ஆனால் யாருக்கு எதிர்பாராதது? தினமும் அதில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் என்றைக்காவது இது நடக்கும் என்று பயந்துகொண்டேதான் ஏறுகிறார்கள். "எதிர்பாராத விதமாக" என்று எழுதிய உடனே டிரைவர், வண்டி உரிமையாளர், ஆள் அனுப்பச் சொன்ன தோட்டம், சோதனைச் சாவடி எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். "பலர்" என்றால் எத்தனை பேர்? "பரிதாபமாக" என்பது உன் உணர்ச்சி, அதை வாசகர் படட்டும்.

இப்போது திரும்பப் போய் விசாரி. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார். கம்பம் ஜி.எச்.சில் படுத்திருப்பவர்களிடம் எங்கே ஏறினார்கள், எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று கேள். வண்டியின் பெர்மிட்டில் எத்தனை பேர் ஏற அனுமதி என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேள். தோட்டத்துக்காரரையும் கேள், அவர் பேச மறுத்தால் மறுத்தார் என்று எழுது. அப்புறம் உன் முதல் வரி இப்படி வரும்: "கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப்பில் ஏற அனுமதி 9 பேருக்கு, ஏறியிருந்தது 17 பேர்." எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவைதான். ஆனால் எண் வந்ததும் அந்தச் செய்தி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனி.

இதற்கெல்லாம் கோட்பாடு எதற்கு என்று முதல் வருஷப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மெக்கோம்ப்ஸ், ஷா என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1968 அதிபர் தேர்தலின்போது ஒரு சின்ன ஊரில் வாக்காளர்களிடம் ஆய்வு செய்து 1972-ல் வெளியிட்டார்கள். எந்தப் பிரச்சினை முக்கியம் என்று மக்கள் நினைப்பதும், ஊடகங்கள் எதற்கு அதிக இடம் கொடுத்தன என்பதும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்தன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தால் அது வெறும் ஐந்து மார்க் கேள்வி. நம் மலையில் வைத்துப் பார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். போன் சிக்னல் இல்லாததால் வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அந்த மறுநாள் மாலையிலேயே கரிப்பூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. தொலைக்காட்சிகளின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. முதலில் அறிவித்த நிவாரணமும் விமானத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம், பெட்டிமுடியில் 5 லட்சம் என்றிருந்தது, ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே கேள்வி எழுந்தது. இரண்டுமே பெருந்துயரம், ஒன்றைவிட ஒன்று குறைந்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் எந்த இடத்துக்குக் கேமரா சுலபமாகப் போகும், எந்த வீட்டில் இருப்பவர் பேசினால் ஸ்டூடியோவில் இருப்பவருக்குப் புரியும் என்பதை வைத்தும் ஒரு சாவின் கனம் தீர்மானமாகிறது. இதைப் புரிந்துகொள்ளத்தான் அந்த ஐந்து மார்க் கேள்வி.

உன் பலம் இங்கேதான் வருகிறது. மலையாளம் பேசினால் புரியும் என்று ஏதோ குறை சொல்லுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேரே வந்ததே, அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை, தாங்களே மைக்கில் பேசினார்கள். பேசியது தமிழில். கேட்க நின்றவர்களில் மலையாள சேனல்காரர்கள்தான் அதிகம். அந்த மாதிரி இடத்தில் இரண்டு பாஷையிலும் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பெண் நிருபர் இருந்தால் எவ்வளவு தெளிவாகச் செய்தி வெளியே போகும், யோசித்துப் பார்.

முல்லைப் பெரியாறும் அப்படித்தான். அணை கேரளாவில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு, தண்ணீர் உங்கள் லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. 1979-ல் 136 அடியாகக் குறைத்த நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மட்டம் 142-ஐ நெருங்கினால் கம்பத்தில் அது நல்ல செய்தி: ஐந்து மாவட்டப் பாசனம், இரண்டாம் போகம். வண்டிப்பெரியாறில் அதே நாளில் அதே எண் பயமுறுத்துகிற செய்தி: ஆற்றோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கப் பத்திரிகையும் பொய் எழுதவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்து மனிதரின் பயமோ தேவையோ கண்ணுக்கே தெரியாது. 2011 டிசம்பரில் குமுளி எல்லை அடைபட்டு, தோட்டத்துக்குப் போனவர்கள் தவித்ததை உன் அம்மா சொல்லியிருப்பார். அப்போது இரண்டு மொழியிலும் வாசித்து, இரண்டு பக்கமும் நடந்து போய்க் கேட்டு எழுத இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

ஆகவே மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொள். இந்த லீவிலேயே தொடங்கு. பேச்சு புரிகிற உனக்கு எழுத்து பிடிபட ரொம்ப நாளாகாது. அம்மா வரும்போது குமுளி பஸ் ஸ்டாண்டில் ஒரு மலையாளப் பேப்பர் வாங்கி வரச் சொல். ஒரே சம்பவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எப்படிப் போட்டிருக்கிறார்கள், யார் பேச்சை முதலில் வைத்திருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை.

எல்லையில் நிற்பது பத்திரிகைத் தொழிலுக்குப் புதிது இல்லை, தங்கச்சி. தினமலர் 1951-ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1956 நவம்பர் 1-ல் அவை சேர்ந்த பிறகுதான் திருநெல்வேலிக்கு வந்தது. இந்தப் பக்கம் பார்த்தால், குமுளியில் பஸ் ஏறி கே.கே. ரோடு வழியாக மலையிறங்கினால் கோட்டயம். 1887-ல் தீபிகாவும் 1890-ல் மலையாள மனோரமாவும் வெளிவரத் தொடங்கியது அந்தப் பக்கத்தில்தான்.

அதற்காக இப்போதே கேரளாவில் சேராதே. அங்கே பல்கலைக்கழகங்களில் 2024-லிருந்து நான்கு வருஷப் பட்டப்படிப்பு முறை வந்திருக்கிறது. மூன்று வருஷத்தில் வெளியே வரலாம் என்றாலும், புது முறை, புது மொழி, ஹாஸ்டல் செலவு மூன்றையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பி.ஏ. முடித்த பிறகு போ. ஐ.ஐ.எம்.சி. என்கிற மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனத்துக்குக் கோட்டயத்தில் வளாகம் இருக்கிறது. காக்கநாட்டில் கேரள மீடியா அகாடமி, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை. அதற்குள் உன் மலையாள வாசிப்பு தேறியிருந்தால் இந்த வாசல்களும் உனக்குத் திறக்கும்.

இங்கிலீஷ் சுமார் என்பதற்காக ஒதுங்காதே. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது நிருபருக்கு அப்புறம்தான். அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் பதில் இவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும், அது முதல். பி.ஏ. மூன்று வருஷமும் தினம் ஒரு ஆங்கிலச் செய்தியை எடுத்துத் தமிழில் நீயே எழுதிப் பார்.

மாமா சொன்னதில் ஒரு பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. மாவட்டங்களில் ஏரியா நிருபர் என்றால் பல இடங்களில் மாதச் சம்பளமே கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பார்கள். சிலர் விளம்பரம் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதே, விளம்பரம் கொடுத்த தோட்டத்தைப் பற்றி நீ எப்படி எழுதுவாய்? டெஸ்க்கில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற வேலையையும் தலைப்பு போடுகிற வேலையையும் இப்போது கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கிவிட்டது, அந்த இடங்கள் இன்னும் சுருங்கும். நேரில் போய் விசாரித்துக் கொண்டுவருவதைக் கம்ப்யூட்டர் செய்யாது.

செய்தி வேலை உடனே அமையாவிட்டாலும் இந்தப் படிப்புக்குப் பிழைப்பு உண்டு. மலையாளப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில், டப்பிங் வசனம் எழுதுவது, ஆஸ்பத்திரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் மக்கள் தொடர்பு, அரசு செய்தித் துறையில் உதவி மக்கள் தொடர்பு அலுவலர் வேலை, முதுகலைக்குப் பிறகு நெட் தேர்வு எழுதி ஆசிரியப் பணி. மாமாவிடம் இந்தப் பெயர்களைச் சொல், கோபப்பட்டுப் பேசாதே.

ராத்திரி வேலை இருக்கும்தான். நர்சிங்கிலும்தான் இருக்கிறது, அதை அவருக்கு மரியாதையாக ஞாபகப்படுத்தலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. இன்டர்ன்ஷிப்புக்குப் போகிற இடத்தில் முதல் நாளே அந்தக் குழுவில் யார் யார் என்று கேள், கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ராத்திரி ஷிப்ட்டுக்கு வண்டி உண்டா என்றும் கேள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மனசுக்குள் கனமாக இருக்கிறது. ஜீப்பைப் பற்றி எழுத வேண்டும் என்கிறாய். உன் அம்மாவும் அதே ஜீப்பில்தான் போகிறார். நாளைக்கு உன் செய்தி வந்தால் தோட்டத்தில் "அது உன் மகள்தானே" என்று கேட்பார்கள், வேலையும் போகலாம். கூட வருகிற பெண்களும் உன்னிடம் பேசுவது நிருபரிடம் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம். அவர்கள் சாதாரணமாகச் சொன்னதை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும், பேர் போடலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். உன் அம்மா சம்பந்தப்பட்ட தோட்டத்தைப் பற்றி நீயே எழுதாமல் வேறு பாதை ஜீப்பைப் பற்றி எழுதுவதுதான் நியாயம். கம்பம்மெட்டு வழியிலும் போடிமெட்டு வழியிலும் இதே கதைதானே?

விண்ணப்பத் தேதி போய்விடாமல் பார்த்துக்கொள். ஹவுதியா கல்லூரிக்கு விசாரிக்கப் போகும்போது மாமாவையே கூட்டிப்போ. லீவு முடிவதற்குள் ஒரு ஜீப் ஸ்டாண்டில் விடியற்காலையில் போய் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் வைத்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எனக்கு அனுப்பு. "பரிதாபமாக" வரக்கூடாது. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா